ஜாகேஷ்வர் தேவதாரு மரங்களைக் குளிர்காலத்தில் படமெடுக்க: டில்லித் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

டில்லிக்குப் புதிதாக வந்து, கையில் ஒரு நல்ல கேமராவும் இரண்டு மூன்று நாள் லீவும் இருக்கிறவர்கள் குளிர்காலத்தில் கேட்கிற முதல் கேள்வி, "பனி எங்கே பார்க்கலாம்?" என்பதுதான். பனியைத் தேடிப் போகிறவர்கள் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு, மரத்தை அண்ணாந்து நாலு படம் எடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். மரத்தைத் தேடிப் போனால் பனி விழுந்தாலும் படம் உண்டு, விழாவிட்டாலும் உண்டு. உத்தராகண்டில் அல்மோரா மாவட்டத்து ஜாகேஷ்வர் பள்ளத்தாக்கில் நிற்கும் பழைய தேவதாரு மரங்களை ஒழுங்காகப் படமெடுத்து வருவதற்கு என்னென்ன வேண்டும் என்பதை இங்கே வரிசையாகச் சொல்கிறோம்.

ஒரு சொல் விளக்கம் முதலில். நமக்கு எல்லாமே பனிதான். அங்கே மூன்றுக்கும் மூன்று பெயர். வானத்திலிருந்து விழுவது 'பரஃப்'. நிழலான இடத்தில் இரவில் தரையோடு உறைவது 'பாலா'. கண்ணை மறைப்பது 'கோஹ்ரா'. முதலாவது படத்துக்கு உதவும். இரண்டாவது வண்டியைச் சறுக்க வைக்கும். மூன்றாவது உங்கள் ரயிலைத் தாமதப்படுத்தும். டிரைவர் எதைச் சொல்கிறார் என்று புரிந்துகொள்ள இது உதவும்.

1. எந்தக் காடு என்று முடிவு செய்யுங்கள்

முதல் பயணத்துக்கு ஜாகேஷ்வர்தான் சரி. ஊர் ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூச்சுத் திணறல் வராத உயரம். பெரிய மரங்கள் சாலையிலிருந்தும் கோயில் வாசலிலிருந்தும் நடக்கிற தூரத்திலேயே நிற்கின்றன. நூறுக்கு மேற்பட்ட சிறிய, பெரிய கற்கோயில்கள் பக்கத்திலேயே இருப்பதால் மரத்தின் உயரத்தைக் காட்ட அளவுகோலும் கிடைத்துவிடுகிறது.

பின்சர் சரணாலயம் அல்மோராவிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல். அங்கே தேவதாரு அல்ல, பாசி படர்ந்த ஓக் மரங்களும் புராஞ்ச் என்கிற ரோடோடெண்ட்ரான் மரங்களும்தான் விசேஷம். நாலாவது நாள் கையில் இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சக்ராத்தா பக்கத்தில் கனாசர் என்ற இடத்தில் இன்னும் பருத்த தேவதாருக்கள் உண்டு. ஆனால் ஜனவரியில் சாலை பனியால் மூடிக்கொள்ளும். சக்ராத்தா ராணுவக் குடியிருப்புப் பகுதி என்பதால் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் முன் அனுமதி இல்லாமல் போக முடியாது. அமெரிக்காவிலிருந்து வந்த மச்சினரைக் கூட்டிக்கொண்டு கிளம்பி, வழியில் திருப்பி அனுப்பப்படாதீர்கள்.

2. தேதி

டிசம்பர் 22 முதல் ஜனவரி 3 வரை வேண்டாம். அறை வாடகை ஏறிவிடும், பவாலிக்கும் கைஞ்சி தாம் கோயிலுக்கும் இடையே வண்டிகள் நகராது. பொங்கல் நாளும் வேண்டாம். நம் பொங்கல்தான் அவர்களுக்கு உத்தராயணி. பாகேஷ்வரில் பெரிய மேளா நடக்கிறது, ஷேர் ஜீப்பெல்லாம் அந்தப் பக்கம் போய்விடும். மகாசிவராத்திரியை ஒட்டி ஜாகேஷ்வரே நிரம்பி வழியும்.

ஜனவரி 18 முதல் பிப்ரவரி 10 வரை, திங்கள் முதல் வியாழனுக்குள் ஒரு மூன்று நாள், இதுதான் நல்ல சாளரம். நடுவில் குடியரசு தின நீண்ட வார இறுதி வந்தால் அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

ஜாகேஷ்வரில் பனி விழுவது உறுதியில்லை. மேற்கிலிருந்து மழை மேகம் வரும்போது, ஒரு குளிர்காலத்தில் சில தடவை மட்டும் விழும். வானிலைத் துறை 'வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ்' என்று அறிவித்தால், அது கடந்துபோன மறுநாள் காலையில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். விழுந்துகொண்டிருக்கும் நாளில் மலை ஏறாதீர்கள். முந்தின நாளே ஏறி அங்கே காத்திருங்கள். விழுந்த பனி கிளையில் தங்குவது ஒரு காலைப் பொழுதுதான். வெயில் பட்டால் பதினொரு மணிக்குள் பொலபொலவென்று கொட்டித் தீர்ந்துவிடும்.

குறைந்தது இரண்டு இரவு ஜாகேஷ்வரிலேயே தங்குங்கள். அல்மோராவில் அறை எடுத்துப் பகலில் போய்வருவது புதியவர்கள் செய்கிற பெரிய தவறு. நல்ல வெளிச்சம் காலை ஏழேகாலுக்குத் தொடங்குகிறது. அல்மோராவிலிருந்து 36 கிலோமீட்டர், பாலா படிந்த சாலையில் அந்த நேரத்துக்கு வந்து சேர முடியாது.

3. போகிற வழி

ரயில் காத்கோதாம் வரை. அதற்கு மேல் தண்டவாளம் இல்லை. புதுடில்லியிலிருந்து காலையில் கிளம்பும் சதாப்தி முதல் தேர்வு, மதியத்துக்குள் சேரும். பழைய டில்லியிலிருந்து இரவில் கிளம்பும் ராணிக்ஹேத் எக்ஸ்பிரஸ் விடியலில் சேர்வதாகக் கால அட்டவணை சொல்லும். அது ராஜஸ்தானிலிருந்து வருகிற வண்டி. மூடுபனி நாட்களில் டில்லிக்கே தாமதமாக வரலாம். திரும்பும் நாளில் அலுவலகம் போக வேண்டும் என்று திட்டம் போடாதீர்கள். ஒரு நாள் இடைவெளி விடுங்கள்.

முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பு திறக்கும். தட்கல் என்றால் முந்தின நாள் காலை 10 மணிக்கு ஏசி வகுப்பு, 11 மணிக்கு மற்றவை. ஆன்லைன் தட்கலுக்கு இப்போது ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். ஓடிபி ஆதாரில் பதிந்திருக்கும் எண்ணுக்குத்தான் வரும். ஊரில் பழைய எண்ணைப் பதிந்துவிட்டு, டில்லிக்கு வந்து புது சிம் வாங்கியிருந்தால் காலை பத்து மணிக்குக் கையைப் பிசைய வேண்டியதுதான். முதல் வேலையாக எண்ணை மாற்றிவிடுங்கள்.

காத்கோதாமிலிருந்து ஜாகேஷ்வர் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். நாலரை முதல் ஐந்தரை மணி நேரம். ஜனவரியில் அங்கே சூரியன் மறைவது ஐந்தரை மணிக்கெல்லாம். ரயில் ஒரு மணிக்கு மேல் வந்து சேர்ந்தால் அன்றைக்கு அல்மோராவிலேயே தங்கிவிடுங்கள். இருட்டில், பாலா படிந்த கொண்டை ஊசி வளைவுகளில் போவதற்குப் படம் எதுவும் ஈடில்லை.

அல்மோராவுக்குச் சற்று முன்னால் குவாரப் என்ற இடத்தில் 2024 முதல் மலை சரிந்துகொண்டே இருக்கிறது. மழை பெய்தால் சாலையை மூடுகிறார்கள். கிளம்புமுன் டிரைவரிடம் "குவாரப் குலா ஹை?" (குவாரப் திறந்திருக்கிறதா?) என்று கேளுங்கள். மூடியிருந்தால் ராணிக்ஹேத் வழியாகவோ, ராம்கட், ஷஹர்ஃபாட்டக், லம்கடா வழியாகவோ சுற்றிப் போக வேண்டும். இரண்டு மணி நேரம் கூடும், டாக்சிக் கட்டணமும் கூடும். ஏறும் முன்பே பேசிவிடுங்கள். டிரைவரை 'தாஜ்யூ' என்று கூப்பிடுங்கள். குமாவோனி மொழியில் அண்ணன் என்று பொருள். 'பையா'வுக்குத் திரும்பாத முகம்கூட இதற்குத் திரும்பும்.

அல்மோராவைத் தாண்டி பித்தோராகட் சாலையில் ஆர்த்தோலா என்ற திருப்பம் வரும். அங்கே இறங்கினால் ஜாகேஷ்வருக்கு மூன்று கிலோமீட்டர். அந்த மூன்று கிலோமீட்டரும் தேவதாருக் காடுதான். ஷேர் ஜீப்பில் வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தத் திருப்பத்தில்தான் இறக்கிவிடப்படுவார்கள்.

சொந்தக் காரில் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. காற்று மாசு அதிகமாகி மூன்றாம் கட்டக் கட்டுப்பாடு வந்தால், பழைய புகைத் தர விதிப்படி வந்த பிஎஸ்-3 பெட்ரோல், பிஎஸ்-4 டீசல் கார்கள் டில்லிக்குள் ஓடக் கூடாது. கிளம்பும்போது கட்டுப்பாடு இல்லாமல் இருந்து, திரும்பி வரும்போது எல்லையில் அபராதம் கட்டுகிறவர்கள் உண்டு. முராதாபாத், ராம்பூர் பக்கம் விடியற்காலை மூடுபனி அடர்த்தியாக இருக்கும். இரவில் கிளம்பாமல் காலை பத்து மணிக்குக் கிளம்பி ஹல்த்வானியில் தங்குவது நல்லது.

4. தாள்களும் அனுமதிகளும்

ஒவ்வொருவருக்கும் அசல் ஆதார் அல்லது வேறு அரசு அடையாள அட்டை. விடுதியில் பெரியவர்கள் எல்லோருடையதையும் கேட்பார்கள்.

லென்ஸ் வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் இதைக் கவனியுங்கள். ஆதாரில் மதுரை முகவரி இருந்தால் டில்லிக் கடைகளில் பலர் தயங்குவார்கள். வீட்டு வாடகை ஒப்பந்தம், அலுவலக அடையாள அட்டை, டில்லி முகவரியுள்ள மின்கட்டண ரசீது ஆகியவற்றை எடுத்துப் போங்கள். இல்லையென்றால் லென்ஸின் முழு விலைக்கும் டெபாசிட் கேட்கலாம். எடுக்கும்போதே லென்ஸின் முன் கண்ணாடி, பின் கண்ணாடி, மவுண்ட் மூன்றையும் கடைக்காரர் முன்னிலையில் போனில் படமெடுத்து வையுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது "இந்தக் கீறல் முன்பே இருந்தது" என்று வாதாட அது ஒன்றுதான் சாட்சி.

கோயில் வளாகம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வளாகத்துக்குள் டிரைபாட் வைக்க முன் அனுமதி வேண்டும். கருவறைக்குள் படமே எடுக்கக் கூடாது. பெரிய மரங்கள் பலவும் வளாகச் சுவருக்கு வெளியேயும் சாலையோரமும் நிற்கின்றன. டிரைபாட் வேலையை அங்கே வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. வளாகத்துக்குள் கையில் பிடித்தே எடுங்கள்.

சாலையும் ஊர்ப்பாதையும் விட்டுக் காப்புக்காட்டுக்குள் ஏறுவதற்கு வனத்துறையிடம் கேட்க வேண்டும். பின்சர் போவதானால் வாயிலில் ஆளுக்கும் வண்டிக்கும் தனித்தனிக் கட்டணம். ரசீதைத் திரும்பி வரும்வரை வைத்திருங்கள். திருமணப் படம், விளம்பரம் போன்று கூலிக்கு எடுப்பது வேறு கணக்கு, தனி அனுமதி.

டிரோனை டில்லியிலேயே விட்டுவிட்டு வாருங்கள். தொல்லியல் துறை, வனத்துறை, டிரோன் பதிவு என்று மூன்று இடத்தில் அனுமதி தேடுவதற்குள் லீவு முடிந்துவிடும். மேலேயிருந்து பார்த்தால் தேவதாரு குட்டையாகத் தெரியும், அதுவும் ஒரு காரணம்.

5. பணம்

இரண்டு பேர், மூன்று இரவு என்று வைத்து இப்படி ஒதுக்குங்கள்: காத்கோதாமிலிருந்து போக, வர டாக்சிக்கு 8,000 முதல் 10,000 ரூபாய். அறைக்கு ஒரு இரவுக்கு 2,000 முதல் 3,500. அறை ஹீட்டர், வாளி வெந்நீர் இரண்டுக்கும் தனிக் காசு உண்டா என்று அறை பதியும்போதே கேளுங்கள். சாப்பாட்டுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 600 போதும். சோற்றோடு கறுப்பு சோயாப் பருப்பில் செய்த 'பட் கீ சுட்கானி' கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். ரொட்டி மட்டுமே தின்று சலித்த நாக்குக்கு அது பெரிய ஆறுதல்.

ஷேர் ஜீப்பில் போனால் டாக்சிச் செலவு கால்வாசியாகக் குறையும். ஆனால் டிரைபாட் கூரைமேல் போகும். வாடகை லென்ஸை மட்டும் மடியிலேயே வைத்திருங்கள்.

ரொக்கம் 6,000 ரூபாயாவது அல்மோராவிலேயே எடுத்துவிடுங்கள். பனி விழுந்தால் மின்சாரம் போகும், சிக்னல் போகும், அதோடு யுபிஐயும் போகும்.

6. பையில் என்ன

கேமரா எதுவானாலும் சரி. லென்ஸ் இரண்டு போதும்: 24 எம்எம் தொடங்கும் ஒரு ஜூம், 70-200 ஒன்று. புதியவர்கள் 14 எம்எம் அகல லென்ஸை வாடகைக்கு எடுக்கிறார்கள். அந்தப் பணத்தை 70-200க்குக் கொடுங்கள். காரணம் எட்டாம் பகுதியில்.

டிரைபாட் கட்டாயம். உலோகக் கால்களில் மேல் பகுதியைச் சுற்றி ஏசிக் குழாய்க்குப் போடும் கறுப்பு ஃபோம் உறையை மாட்டி டேப் ஒட்டுங்கள். மைனஸ் இரண்டு டிகிரியில் வெறும் அலுமினியத்தைப் பிடித்தால் விரல் மரத்துப்போகும். இதோடு பளபளப்பை அடக்கும் போலரைசர் வடிகட்டி ஒன்று, மூன்று பேட்டரி, பவர் பேங்க், ஜிப் வைத்த பெரிய பாலிதீன் பை நாலு, மைக்ரோஃபைபர் துணி நாலு, ஐந்து மீட்டர் தையல் டேப் ஒன்று. கடைசிச் சாமான் மரத்தின் சுற்றளவை எடுக்க.

உடைக்கு டில்லிக் குளிர் ஸ்வெட்டர் போதாது. உள்ளே தெர்மல், நடுவில் கம்பளி அல்லது ஃப்ளீஸ், மேலே காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட். காஷ்மீரி கேட் பேருந்து நிலையத்தை ஒட்டிய மானஸ்ட்ரி மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கலாம். காலணிதான் முக்கியம். மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிற வேலை இது. குளிர் பாதம் வழியாகத்தான் ஏறும். கணுக்கால் மூடிய காலணி, அரை அளவு பெரியதாக, இரண்டு சாக்ஸ் போடுகிற மாதிரி. இறுக்கமாக இருந்தால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு இன்னும் குளிரும். கைக்கு மெல்லிய உள்ளுறை, அதன்மேல் விரல்நுனி திறந்து மூடும் கம்பளி உறை.

7. மரத்தை அடையாளம் காணுங்கள்

ஏறும் வழியெல்லாம் நிற்பது சீட் பைன். அதை தேவதாரு என்று நினைத்து வண்டியை நிறுத்திப் படமெடுக்கிறவர்கள் நிறையப் பேர். சீட் பைனின் ஊசியிலை ஒரு சாண் நீளம், மூன்று மூன்றாகச் சேர்ந்திருக்கும். தேவதாருவின் ஊசி இரண்டரை முதல் ஐந்து சென்டிமீட்டர்தான். குட்டைக் காம்பில் இருபது முப்பதாகக் கொத்துக் கொத்தாக நிற்கும். கிளைகள் தட்டுத் தட்டாகப் படுக்கையாக விரிந்து நுனியில் சற்றே தொங்கும். அந்தத் தட்டில்தான் பனி தங்குகிறது.

ஆர்த்தோலாவிலிருந்து ஊர்வரை ஒருமுறை கேமராவைத் திறக்காமல் நடந்து போங்கள். வழியில் தண்டேஷ்வர் கோயில் வரும். ஊருக்குள் ஓடைக்கரையில் கோயில் தொகுதிக்குப் பின்னாலும் சரிவிலும் பார்த்துக்கொண்டே வாருங்கள். ஒரே அடியிலிருந்து இரண்டு தண்டாகப் பிரிந்த மரம் ஒன்றை அர்த்தநாரீசுவரராக வணங்குகிறார்கள். பூசை நடக்கும்போது குறுக்கே போகாதீர்கள். ஓடைக்கரையில் தகனம் நடந்தால் கேமராவைப் பைக்குள் வையுங்கள். பெரியவர்கள் யாரையாவது பார்த்தால், "சப்ஸே புரானா தேவதார் கித்தர் ஹை?" (மிகப் பழைய தேவதாரு எங்கே?) என்று கேளுங்கள். வழிகாட்டிப் பலகையில் இல்லாத மரத்தைக் கைநீட்டிக் காட்டுவார்கள்.

சுற்றளவு எடுப்பது இப்படி: தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், நெஞ்சளவில், டேப்பைத் தண்டோடு ஒட்டிச் சுற்றுங்கள். சரிவில் நிற்கும் மரமென்றால் மேட்டுப் பக்கத் தரையிலிருந்து உயரத்தை எண்ண வேண்டும். 3.14ஆல் வகுத்தால் விட்டம். வயது மட்டும் சுற்றளவிலிருந்து வராது. நிழலில் நெருங்கி வளர்ந்த மெலிந்த மரம் பருத்த மரத்தைவிட மூத்ததாக இருக்கலாம். 'ஆயிரம் வருட மரம்' என்று படத்துக்குக் கீழே எழுதாதீர்கள்.

8. மரம் முழுவதையும் படத்துக்குள் கொண்டுவருவது

படம் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். நாற்பது மீட்டர் மரத்தடியில் நின்று கேமராவை மேலே தூக்கினால், மரம் பின்னால் சாய்ந்து விழுகிற மாதிரி வரும். அடி பருத்து, நுனி ஊசியாகி, மரத்தின் கம்பீரம் போய்விடும். அகல லென்ஸ் போட்டால் இது இன்னும் மோசமாகும்.

கேமராவைச் சாய்க்காமல், தரைமட்டத்திலிருந்து, ஃபுல் ஃபிரேமில் 24 எம்எம் லென்ஸைச் செங்குத்தாகப் பிடித்து 40 மீட்டர் மரத்தை முழுதும் எடுக்க 50 மீட்டருக்கு மேல் தள்ளி நிற்க வேண்டும். அடர்ந்த காட்டில் அவ்வளவு தூரம் போனால் நடுவில் பத்து மரம் மறைக்கும். படத்தின் கீழ்ப் பாதி வெறும் தரையாகவும் வீணாகும்.

மலைதான் இதற்கு மருந்து. எதிர்ச் சரிவில் ஏறி, மரத்தின் பாதி உயரத்துக்கு வாருங்கள். இருபது மீட்டர் ஏறிவிட்டால் அதே 24 எம்எம்முக்கு 27 மீட்டர் தூரமே போதும். 50 எம்எம் என்றால் 56 மீட்டர். கேமரா நேராக இருக்கும், மரமும் நேராக நிற்கும். பள்ளத்தாக்கு குறுகலானது; ஓடைக்கு இந்தப்புறச் சரிவில் போகும் ஊர்ப்பாதையிலிருந்து அந்தப்புற மரங்களை 70-200 கொண்டு எடுக்கலாம். 100 எம்எம்முக்கு மேல் போகும்போது பின்னணி மரங்கள் நெருங்கி வந்து காடு அடர்த்தியாகத் தெரியும். வாடகைப் பணத்தை அந்த லென்ஸுக்குக் கொடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

உயரம் தெரியவில்லையா? உங்கள் கைநீளமே உள்ள குச்சியை, கையை நீட்டிச் செங்குத்தாகப் பிடியுங்கள். குச்சியும் மரமும் ஒரே உயரமாகத் தெரியும்வரை பின்னால் நடங்கள். சமதரையாக இருந்தால், அங்கிருந்து மரத்தடிக்குள்ள தூரமே மரத்தின் உயரம்.

எதிர்ச் சரிவு கிடைக்காத இடத்தில் ஒட்டுப்படம் எடுங்கள், அதாவது பகுதி பகுதியாக எடுத்துப் பிறகு கணினியில் ஒன்றாக ஒட்டுவது. 50 எம்எம் லென்ஸ், கேமரா படுக்கைவாட்டில், டிரைபாட் மேல். வேர்ப்பகுதியில் தொடங்கி மேல்நோக்கி ஆறு படம், ஒவ்வொன்றிலும் முந்தையதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேர்ந்து வரவேண்டும். எக்ஸ்போஷர் மேனுவல், ஒயிட் பேலன்ஸ் மேனுவல், ஃபோகஸ் ஒருமுறை வைத்துப் பூட்டிவிடுங்கள். இதில் எது ஆட்டோவில் இருந்தாலும் ஒட்டும்போது பட்டை பட்டையாகத் தெரியும். போலரைசரைக் கழற்றிவிடுங்கள், வானத்தின் நீலம் திட்டுத்திட்டாகும். மூன்று மீட்டருக்குள் கிளையோ பாறையோ இருந்தால் ஒட்டு பிசகும்; இடம் மாற்றுங்கள். மரத்தின் உயரத்தில் பாதித் தூரமாவது தள்ளி நிற்காவிட்டால் நுனி ரப்பர் மாதிரி இழுபடும்.

போன் வைத்திருக்கிறவர்கள் 0.5 அகலக் கண்ணை மறந்துவிடுங்கள். முதன்மைக் கண்ணில் பனோரமாவைத் திறந்து, போனைப் படுக்கையாகத் திருப்பி, கீழிருந்து மேலாக மெதுவாக நகர்த்துங்கள். பலருக்கு இது தெரியாததால் பக்கவாட்டிலேயே எடுக்கிறார்கள்.

அளவுகோலுக்கு ஒரு ஆள் வேண்டும். மரத்துக்கு முன்னால் பத்தடி தள்ளி நிறுத்தினால் ஆள் பெரிதாகி மரம் சிறிதாகும். தண்டோடு பக்கத்தில், ஒரே தூரத்தில் நிற்க வேண்டும். 40 மீட்டர் மரத்தில் ஆள் உயரம் இருபத்து மூன்றில் ஒரு பங்குதான். சிவப்போ மஞ்சளோ சால்வை போட்டால்தான் கண்ணில் படும்.

மரம் முழுவதையும் எடுத்த பிறகு தரையைப் பாருங்கள். தேவதாருக் காய் மரத்திலேயே செதில் செதிலாக உதிரும். கடைசியில் அதன் நுனி மட்டும் மரத்தால் செதுக்கிய ரோஜாப்பூ மாதிரி முழுசாக விழும். வெண்பனிமேல் அது கிடக்கிற அழகுக்காகவே அரைமணி நேரம் குனிந்து நிற்கலாம். 70-200இன் நீள முனையில், எஃப் 5.6, பக்கவாட்டு வெளிச்சம். பட்டைக்கும் அதே முறை. நெடுக்கும் குறுக்குமாக வெடித்த தட்டுகள் பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் ஆழம் காட்டும். பூவைக் கையால் நகர்த்தி வைக்காதீர்கள். சுற்றியுள்ள பனியில் விரல் தடம் படத்தில் தெரிந்துவிடும்.

9. வெளிச்சமும் எக்ஸ்போஷரும்

ஜனவரித் தொடக்கத்தில் அங்கே உச்சிவேளையிலும் சூரியன் 38 டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை. குறுகிய பள்ளத்தாக்கு என்பதால் சூரியன் உதித்தும் தரைக்கு வெயில் வர நேரமாகும். ஏழேகால் முதல் ஒன்பதரை வரை நிழலில்லாத, சீரான வெளிச்சம், காற்றும் இருக்காது. உங்கள் நேரம் அதுதான். ஐஎஸ்ஓ 100, எஃப் 8இல் ஷட்டர் கால் வினாடி, அரை வினாடி என்று போகும். இரண்டு வினாடி டைமர் போட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

வெயில் வந்துவிட்டால் கரும்பச்சைக் கிளையும் வெள்ளை வானமும் ஒரே படத்தில் ஒத்துப்போகாது. வானத்தைப் படத்திலிருந்து ஒதுக்கிவிடுவதே சிறந்த வழி. ஒதுக்க முடியாவிட்டால் இரண்டு ஸ்டாப் இடைவெளியில் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு அல்லது பாதி) மூன்று படம் எடுத்துச் சேருங்கள். காற்றில் நுனி ஆடினால் அதுவும் சரிவராது.

கேமராவின் மீட்டர் எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். பனி நிறைந்த காட்சிக்கு ஒன்று முதல் ஒன்றேமுக்கால் ஸ்டாப் கூட்டுங்கள். பனியில்லாத இருண்ட தண்டுகளுக்கு முக்கால் ஸ்டாப் குறையுங்கள். இரண்டும் கலந்திருந்தால் வெள்ளை எரியாத அளவுக்கு வைத்து, ரா ஃபைலில் இருட்டைத் தூக்கிக்கொள்ளலாம். திரையை நம்பாதீர்கள், வெண்பனி வெளிச்சத்தில் திரை மங்கலாகத் தெரியும். இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள்.

நிழல் பனி படத்தில் நீலமாக வரும். சற்று நீலம் இருந்தால்தான் குளிர் தெரியும். 5,500 கெல்வினில் பூட்டிவிட்டு, மீதியை வீட்டில் சரிசெய்யுங்கள். மழையோ பனியோ நனைத்த ஊசிகளில் போலரைசரைத் திருப்பினால் மினுமினுப்பு அடங்கிப் பச்சை எழும். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் போகும்.

வேரும் நுனியும் தெளிவாக வேண்டுமென்றால் 24 எம்எம், எஃப் 11இல் 1.8 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் வையுங்கள். தொண்ணூறு சென்டிமீட்டரிலிருந்து அடிவானம்வரை தெளியும். எஃப் 22க்குப் போகாதீர்கள், மொத்தப் படமும் மென்மையாகிவிடும். விழுகிற பனித்துகளை நிறுத்த 1/250. கோடாக இழுக்க 1/60.

10. குளிரில் கருவியைக் காப்பாற்றுவது

பேட்டரி குளிரில் சீக்கிரம் படுக்கும். ஒன்று கேமராவில், இரண்டு உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில். இறங்கிப்போனதை எறியாமல் உள்ளே வைத்தால், சூடு ஏறியதும் இன்னும் கொஞ்சம் படம் தரும். போனுக்கும் இதே வழி.

இதைவிடப் பெரிய ஆபத்து அறைக்குத் திரும்பும்போதுதான். குளிர்ந்த கேமராவைச் சூடான அறைக்குள் அப்படியே கொண்டுபோனால் கண்ணாடிக்கு உள்ளேயும் வெளியேயும் நீர் கோத்துக்கொள்ளும். வெளியே நிற்கும்போதே மெமரி கார்டை எடுத்துவிட்டு, கேமராவை ஜிப் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி மூடுங்கள். அறைக்குள் ஒன்றரை மணி நேரம் பையைத் திறக்காதீர்கள். நீர் பையின் வெளிப்புறத்தில் கோத்து அங்கேயே காய்ந்துவிடும். நடுவில் டீ குடிக்கக் கடைக்குள் நுழைவதானாலும் கேமரா வெளியில், பைக்குள்.

லென்ஸில் பனித்துகள் விழுந்தால் வாயால் ஊதாதீர்கள், மூச்சின் ஈரம் அப்படியே உறையும். ரப்பர் ஊதியால் தள்ளுங்கள்.

11. உயிருக்கு

அறைக்குள் கரி அடுப்பு வைத்துக் கதவை மூடித் தூங்காதீர்கள். அங்கீட்டி என்பார்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையில்லை. தூக்கத்திலேயே ஆள் போய்விடுவார். வட இந்தியாவில் குளிர்காலம்தோறும் இப்படி இறக்கிறார்கள். விடுதிக்காரர் அன்போடு கொண்டுவந்து வைத்தாலும், படுக்கும் முன் வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

குமாவோன் மலைகளில் சிறுத்தை உண்டு. இருட்டு பிரியும் முன்பும் அந்தி சாய்ந்த பின்பும் தனியாகக் காட்டுப்பாதையில் நிற்காதீர்கள். வ்யூஃபைண்டருக்குள் கண்ணை வைத்திருக்கும் ஒருவருக்குப் பின்னால் பார்க்க இன்னொருவர் வேண்டும். பனி சுமந்த கிளைக்கு நேர் கீழே டிரைபாட் வைக்காதீர்கள். வெயில் பட்டவுடன் கொட்டுவது பஞ்சு போல இருக்காது, கேமராவைக் கவிழ்க்கிற எடை. பட்டுப்போன கிளையும் அதோடு வரும்.

வேர்மேல் டிரைபாட் முள்ளைக் குத்தாதீர்கள், ரப்பர் முனையைப் போடுங்கள். மரத்தில் ஆணி, கயிறு எதுவும் வேண்டாம்.

12. ஊருக்குத் திரும்பிய பின்

ஒவ்வொரு மரத்துக்கும் தேதி, சுற்றளவு, எந்த இடத்திலிருந்து எந்தத் திசையில் எடுத்தது என்று ஒரு வரி எழுதிப் படத்தோடு சேமியுங்கள். 2024இல் ஆர்த்தோலா - ஜாகேஷ்வர் சாலையை அகலப்படுத்த ஏறத்தாழ ஆயிரம் தேவதாரு மரங்களுக்குக் குறி போட்டார்கள். ஊர்மக்கள் எதிர்த்து நின்ற பிறகு மறு ஆய்வுக்கு உத்தரவு வந்தது. எந்த மரம் எங்கே எவ்வளவு பருமனில் நிற்கிறது என்று தேதியோடு சொல்லும் படம் அந்த ஊர்க்காரர்களுக்கு வேண்டியிருக்கிறது. மரத்தைக் காட்டிக்கொடுத்த பெரியவருக்கு ஒரு பிரதி எட்டுக்குப் பன்னிரண்டு அளவில் அச்சிட்டு, விடுதி முகவரிக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். உறைக்குள் அட்டை வைத்து, மடங்காதபடி. அச்சின் பின்பக்கம் சுற்றளவையும் தேதியையும் இந்தியில் எழுதுங்கள். எழுத வராவிட்டால் பக்கத்து வீட்டாரிடம் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.